பத்து வயது தாண்டிய டிஷ்வாஷர்: குமரி மாவட்டத் தண்ணீரில் குறைந்த செலவில் எப்படி ஓட்டுகிறீர்கள்?

பார்வதிபுரம்_அடுக்களை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு டிஷ்வாஷருக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. இன்னும் ஓடுகிறது. ஆனால் கொஞ்ச காலமாகக் கண்ணாடி டம்ளரில் வெள்ளைப் படலம் படிகிறது, ஸ்டீல் தட்டில் சொட்டுச் சொட்டாகத் தடம் தெரிகிறது. பார்க்க வந்த சர்வீஸ் தம்பி, "பழசாயிட்டு அக்கா, எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் ஆறு பேர். காலையில் புட்டோ இட்லியோ, மத்தியானம் மீன்கறி, ராத்திரி கஞ்சியும் துவையலும் என்று பாத்திரம் குறைவதே இல்லை. மாமிக்கு முழங்கால் வலி, நானும் வேலைக்குப் போகிறவள். மெஷின் இல்லாமல் ஒரு வாரம் ஓட்டுவது கஷ்டம். அதே சமயம் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

மாநகராட்சித் தண்ணீர் வரும்போது தொட்டியில் பிடித்துக்கொள்வோம், பற்றாததற்கு போர்த் தண்ணீர். இரண்டும் ஒரே தொட்டியில்தான் விழுகிறது. இதுவரை மெஷினுக்கான சோப்பு மாத்திரைதான் போடுகிறேன், மெஷின் உப்பு எப்போதாவது. இந்தப் படலத்துக்கு என்ன வழி? மாதச் செலவை எதில் குறைக்கலாம்? நம்ம ஊரில் நீண்ட நாள் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை_சர்வீஸ்:

அக்கா, மெஷினை மாற்ற வேண்டாம். நான் இந்த வேலையில் ரொம்ப நாளாக இருக்கிறேன். நம்ம மாவட்டத்தில் "பழசாயிட்டு" என்று ஒதுக்கிய மெஷின்களில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் பிரச்சினை. மோட்டார் நன்றாக இருக்கும், ஹீட்டர் நன்றாக இருக்கும், உப்பு அறை மட்டும் காலியாகக் கிடக்கும்.

முதலில் ஒரு சோதனை. படலம் பிடித்த டம்ளரின் ஒரு பக்கம் எலுமிச்சைச் சாறு தடவி ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அந்தப் பக்கம் பளிச்சென்று வந்துவிட்டால் படிந்தது சுண்ணாம்பு, அதாவது தண்ணீரின் கடினத்தன்மை. சாறு தடவியும் மங்கல் அப்படியே இருந்தால் கண்ணாடியே அரிபட்டிருக்கிறது, அது திரும்பாது. மூன்றாவதாக ஒன்று உண்டு. படலத்தை விரலால் தொட்டு நாக்கில் வையுங்கள். உப்புக் கரித்தால் உப்பு அறையின் மூடி சரியாக இறுகவில்லை, உப்புநீர் உள்ளே கசிகிறது என்று அர்த்தம். இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பார்க்காமல் எதையும் வாங்கிப் போடாதீர்கள்.

சுண்ணாம்பு என்றால் விஷயம் எளிது. மெஷினின் அடியில் ஒரு பிசின் அறை இருக்கிறது. மணி மணியாக இருக்கும் அந்தப் பிசின், தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். பிடிக்கிற இடமெல்லாம் நிரம்பியதும் மெஷின் தானாகவே உப்புநீரை அதன் வழியாகச் செலுத்திக் கழுவி, மறுபடி வேலைக்குத் தயார் செய்யும். உப்பு இல்லையென்றால் இந்தக் கழுவல் நடக்காது, கடினத் தண்ணீர் அப்படியே பாத்திரத்துக்குப் போகும். அதே சுண்ணாம்பு ஹீட்டர் மேலும் ஏறும். டம்ளரில் தெரிவது வெளியே தெரிகிற பகுதி மட்டும்தான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அந்தக் கழுவல் நடக்க வேண்டும் என்பதை நாம்தான் செட்டிங்கில் சொல்ல வேண்டும். வாங்கிய நாளில் கம்பெனி வைத்த அளவிலேயே எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு என்று தெரிந்தால் கையேட்டில் உள்ள அட்டவணையைப் பார்த்து மாற்றிவிடலாம். ஆய்வகத்தில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தருவார்கள். கையேட்டில் ஜெர்மன் டிகிரி என்று இருக்கும். மில்லிகிராமை 17.8 ஆல் வகுத்தால் டிகிரி கிடைக்கும். 200 மில்லிகிராம் என்றால் சுமார் 11 டிகிரி.

குளச்சல்_கடற்கரை:

நல்ல பதில் அண்ணா. எங்கள் பக்கம் இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஆர்.ஓ. மாட்ட வருகிறவர் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரை முக்கி "900 இருக்கு, 1,200 இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த எண்ணை 17.8 ஆல் வகுத்து மெஷினில் வைத்தால் சரியாக வருமா?

தக்கலை_சர்வீஸ்:

வராது. கடலோரத்தில் நிச்சயமாக வராது. டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றின் கூட்டுத்தொகை. குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் போரில் ஏறுவது பெரும்பாலும் கடல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு. அது மீட்டரில் எண்ணைக் கூட்டும், ஆனால் டம்ளரில் சுண்ணாம்பாகப் படியாது. பிசினாலும் அதைப் பிடிக்க முடியாது. மீட்டரைப் பார்த்து செட்டிங்கை உச்சத்தில் வைத்தால் உப்பு வீணாகும், பலன் இருக்காது.

கடினத்தன்மையைத் தனியாக அளக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்றால் அலங்கார மீன் விற்கும் கடையில் சொட்டுச் சோதனைப் பாட்டில் கிடைக்கும். கூட வரும் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, நிறம் மாறும் வரை சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். பெரும்பாலான பாட்டில்களில் ஒரு சொட்டு ஒரு ஜெர்மன் டிகிரி. அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. அதாவது 11 டிகிரியிலிருந்து 34 டிகிரி வரை. குடிக்கலாம் என்று சொல்லும் தண்ணீரிலேயே இவ்வளவு இடைவெளி இருக்கிறது.

குலசேகரம்_தோட்டம்:

எங்கள் கதை நேர்மாறு. இங்கே மலையடிவாரம், கிணற்றுத் தண்ணீர் மழைத் தண்ணீர் மாதிரி. சோப்பு போட்டால் நுரை போகவே போகாது. அந்தச் சொட்டுச் சோதனையில் இரண்டு மூன்று சொட்டுக்குள் நிறம் மாறிவிடும். செட்டிங்கைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டேன், உப்பே வாங்குவதில்லை, உப்பு விளக்கும் எரிவதில்லை. கடையில் "உப்பு, பவுடர், பளபளப்புத் திரவம் மூன்றும் சேர்த்து எடுங்க" என்றுதான் சொல்வார்கள். பேச்சிப்பாறைப் பக்கம் இருக்கிறவர்கள் தண்ணீரை அளந்துவிட்டு வாங்குங்கள்.

ஆனால் மென்மையான தண்ணீரில் வேறொரு கவனம் வேண்டும். அதிகப் பவுடரும் 70 டிகிரிச் சூடும் சேர்ந்தால் கண்ணாடி மெல்ல மெல்ல அரிபடும். பால் போல மங்கும், எலுமிச்சைக்கும் போகாது. எனக்குப் பாதி அளவு பவுடரே போதுமாக இருக்கிறது. கண்ணாடிச் சாமானுக்கு 50 டிகிரிக்கு மேல் வைப்பதில்லை.

வடசேரி_டீச்சர்:

ஒரு சந்தேகம். மெஷின் உப்பு என்று விற்பது விலை கூடுதல். நம்ம புத்தளம், சாமித்தோப்புப் பக்கம் உப்பளத்துக் கல்லுப்பு மலிவாகக் கிடைக்கிறதே, அயோடின் கூட இல்லை. அதைப் போட்டால் என்ன?

தக்கலை_சர்வீஸ்:

போடாதீர்கள் டீச்சர். இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். உப்பளத்து உப்பு சமையலுக்கும் மீன் கருவாடு போடவும் அருமையானது. ஆனால் வெயிலில் விளைந்த கடலுப்பில் கால்சியமும் மக்னீசியமும் கூடவே இருக்கும், கொஞ்சம் மண்ணும் இருக்கும். பிசினிலிருந்து எதை வெளியேற்ற நினைக்கிறோமோ அதையே மறுபடி உள்ளே அனுப்பியது போலாகும். மண் துகள் அறையின் அடியில் படிந்து துளையை அடைக்கும். பாக்கெட்டில் வரும் தூள் உப்பும் ஆகாது. கட்டியாகாமல் இருக்க அதில் வேறு பொருள் சேர்ப்பார்கள், தூளாக இருப்பதால் அறையில் களி போல இறுகியும் போகும்.

வேண்டியது சுத்திகரித்த, எதுவும் சேர்க்காத, பரல் பரலான சோடியம் குளோரைடு. மொட்டைமாடியில் வைக்கும் பெரிய சாஃப்ட்னருக்கு (தண்ணீரை மென்மையாக்கும் கருவிக்கு) என்று 25 கிலோ மூட்டையில் உப்பு வில்லை விற்கிறார்கள். அதுவும் சுத்தமான உப்புதான். வாய் சிறியதாக இருந்தால் உடைத்துப் போட வேண்டியிருக்கும். கிலோ கணக்கில் பார்த்தால் டிஷ்வாஷர் என்று பெயர் போட்ட பெட்டியைவிட மலிவு. இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு மூட்டை எடுத்துப் பங்கு வைக்கலாம்.

உப்பு போடும் நேரமும் முக்கியம். கழுவ ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் போட்டு உடனே ஓட்டிவிடுங்கள். வாயைச் சுற்றி வழிந்த உப்புநீர் ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்கூட ஊசி முனை அளவுக்குத் துளை விழும். அடித்தட்டில் அப்படித் துளை விழுந்த மெஷினைத்தான் நிஜமாகவே தூக்கிப் போட வேண்டிவரும்.

வடசேரி_டீச்சர்:

நன்றி தம்பி. என் பங்குக்குப் பவுடர் பற்றிச் சொல்கிறேன். மாத்திரையிலிருந்து பவுடருக்கு மாறியதுதான் எங்கள் வீட்டில் செலவு இறங்கிய முதல் இடம். மாத்திரை என்றால் பாதி பாத்திரம் இருந்தாலும் முழு மாத்திரை போக வேண்டும். பவுடரில் நாம் அளந்துகொள்ளலாம். முழு லோடுக்கு 20 கிராம், மீன்சட்டி, இறைச்சிப் பாத்திரம் இருந்தால் 25 கிராம், டீ டம்ளரும் தட்டும் மட்டும் என்றால் 12 கிராம். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, கரண்டியில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் பிறகு தராசு தேவையில்லை.

மாத்திரைக்கு இன்னொரு குறையும் உண்டு. 30 நிமிடக் குறுகிய ஓட்டத்தில் அது முழுக்கக் கரையாமல் அடியில் பாதி கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பவுடரில் முக்கியமான வேலைக்காரர்கள் இரண்டு. சோற்றுப் பசையையும் முட்டையையும் அறுக்கும் நொதிகள், மஞ்சள் கறையை வெளுக்கும் பெர்கார்பனேட். நொதி 50 டிகிரி அருகில் நன்றாக வேலை செய்யும், அதற்கு நேரம் வேண்டும். குறைந்த சூட்டில் மெல்லக் கழுவும் ஈக்கோ ஓட்டம் மூன்று மணி நேரம் எடுப்பது அதனால்தான். பெர்கார்பனேட்டுக்குப் பகை ஈரம். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பாக்கெட்டைத் திறந்தபடி அடுக்களையில் வைத்தால் கட்டியாவது மட்டுமல்ல, வெளுக்கும் சக்தியும் போய்விடும். இறுக்கி மூடும் டப்பாவில் கொஞ்சமாக எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கட்டி அலமாரியில் வையுங்கள். பவுடர் போடும் கிண்ணம் ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

பிளாஸ்டிக் டப்பாவில் ஏறிய மஞ்சள் எந்தப் பவுடருக்கும் முழுசாகப் போகாது. கழுவி எடுத்து முற்றத்து வெயிலில் ஒரு பகல் வைத்தால் போதும், மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது.

பார்வதிபுரம்_அடுக்களை:

டீச்சர், பளபளப்புத் திரவம் அவசியமா? அப்புறம், பாத்திரத்தை முன்னாடியே குழாயில் அலசிவிட்டுத்தான் வைக்கிறேன். அது சரிதானே?

வடசேரி_டீச்சர்:

திரவத்தை முழுக்க விட்டுவிட வேண்டாம், அளவைக் கடைசி நிலைக்கு இறக்கிப் பாருங்கள். தண்ணீர் சொட்டாக நிற்காமல் படலமாக வழிந்து ஓட வைப்பதுதான் அதன் வேலை. கடினத் தண்ணீரில் சொட்டு காய்ந்த இடத்தில்தான் தடம் விழும். பாத்திரத்தில் நீல நிறக் கோடோ நுரையோ தெரிந்தால் திரவம் அதிகம்.

அலச வேண்டாம். எச்சிலையும் முள்ளையும் வழித்துப் போட்டால் போதும். குழாய் நிமிடத்துக்கு 6 லிட்டர் விட்டால் பத்து நிமிட அலசலில் 60 லிட்டர் போய்விடும். மெஷின் ஒரு முழு ஓட்டத்துக்கே 10 லிட்டர் சொச்சம்தான் எடுக்கிறது. தானியங்கி ஓட்டத்தில் கலங்கலை அளக்கும் சென்சாரும் இருக்கும், எவ்வளவு அழுக்கு என்று பார்த்து அதற்கேற்ப அதுவே கழுவும். ராத்திரி வரை காத்திருக்க வேண்டிய பாத்திரமாக இருந்தால் முன் அலசல் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். சூடேற்றாமல் கொஞ்சம் தண்ணீரில் அலசி வைக்கும், வாடையும் வராது.

மார்த்தாண்டம்_வயரிங்:

கரண்டு பற்றி யாரும் பேசவில்லையே. மெஷினின் கரண்டுச் செலவில் பெரும் பங்கு தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது, பம்புகள் இழுப்பது கொஞ்சம். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 1.16 வாட்-மணி வேண்டும். ஐரோப்பியச் சோதனையில் 15 டிகிரித் தண்ணீரை உள்ளே விட்டுத்தான் அளக்கிறார்கள். நம்ம மாடித் தொட்டியில் எந்த மாதமும் அவ்வளவு குளிர்ந்த தண்ணீர் கிடையாது. மத்தியானம் தொட்டிக் குழாயில் கை வைத்தால் சூடாகவே வரும். ஆகவே லேபிளில் போட்டதைவிட இங்கே குறைவாகத்தான் இழுக்கும். பகலில் ஓட்டினால் இன்னும் குறையும். மாடியில் சூரியமின் தகடு வைத்தவர்கள் பதினொரு மணிக்கு மேல் ஓட்டுவது இரட்டை லாபம்.

ஈக்கோவில் ஓட்டத்துக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், தினம் ஒன்று என்றால் இரண்டு மாதப் பில்லில் 60 யூனிட். 500 தாண்டினால் மொத்தக் கணக்கே வேறு விகிதத்துக்கு மாறிவிடும். 480, 490 என்று எல்லையில் நிற்கும் வீட்டில் இந்த 60 யூனிட்டின் மதிப்பு அதிகம். அரை லோடு இரண்டு முறை ஓட்டுவதைவிட முழு லோடு ஒரு முறை ஓட்டுவது எப்போதும் மலிவு. கூடுதல் உலர்த்தல் பொத்தானை அணைத்துவிட்டு, முடிந்து கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து வைத்தாலே ஸ்டீல் காய்ந்துவிடும்.

அதற்காக எப்போதும் குறைந்த சூட்டிலேயே ஓட்டக் கூடாது. தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு குழாய்க்குள் சேரும். மாதம் ஒருமுறை 70 டிகிரியில் ஒரு ஓட்டம் விடுங்கள்.

ஒயரிங்: 16 ஆம்பியர் பிளக், தனி லைன், ஒழுங்கான எர்த். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. ஐப்பசி மாதத்து இடியில் போர்டு போய் என்னிடம் வருகிறவர்கள் வருடா வருடம் உண்டு. சுவிட்சை அணைத்தால் போதாது, மானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக் மெஷினுக்குப் பின்னால் கை எட்டாத இடத்தில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஒரு போர்டின் விலைக்கு எத்தனையோ வருடத்து உப்பு வாங்கலாம்.

குளச்சல்_கடற்கரை:

பாத்திரம் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதையும் ஒருவர் சொன்னால் நல்லது. எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாள் கிடையாது.

பார்வதிபுரம்_அடுக்களை:

இதற்கு நானே சொல்கிறேன். மீன்கறி வைக்கும் மண்சட்டி உள்ளே போகக் கூடாது, சோப்பை உறிஞ்சிவிடும், அடுத்த கறியில் வாடை வரும். சிரட்டை அகப்பை, மரக்கரண்டி வெடித்துப் போகும். இரும்புத் தோசைக்கல் துருப்பிடிக்கும். பித்தளை, வெண்கல உருளி நிறம் மங்கும். அலுமினியக் குக்கர், அலுமினியப் புட்டுக்குடம், பழைய இடியாப்ப அச்சு எல்லாம் கறுத்துவிடும், பவுடரின் காரம் அலுமினியத்தைத் தின்னும். ஸ்டீல் புட்டுக்குழல் தாராளமாக வைக்கலாம். உள்ளே இருக்கும் துளைச் சில்லைத் தனியாக எடுத்து, குழலைத் தண்ணீர் தேங்காதபடி வாய் கீழே பார்க்க வைக்க வேண்டும்.

மாமி மண்சட்டியைக் கையால் கழுவுவதைத்தான் விரும்புவார்கள், அதனால் எங்களுக்கு அதில் தகராறு இல்லை.

தக்கலை_சர்வீஸ்:

மீன் வீடுகளுக்கு முக்கியமான இடம் ஃபில்டரும் அதன் கீழே இருக்கும் வடிகால் பம்பும். மெஷின் "தண்ணீர் வெளியேறவில்லை" என்று நின்றால் ஆளைக் கூப்பிடும் முன் இதைச் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டரைத் திருகி எடுத்து, குழியில் நிற்கும் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். குழியின் ஒரு ஓரத்தில் சின்னப் பிளாஸ்டிக் மூடி தெரியும். பல மாடல்களில் அதை ஒரு ஸ்பூன் காம்பால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே விரல்நுனி அளவுக்கு ஒரு விசிறி. கையுறை போட்டுக்கொண்டு மெல்லத் திருப்புங்கள். விட்டு விட்டு, தட்டுத் தட்டாகத் திரும்பினால் நல்லது, காந்த மோட்டார் அப்படித்தான் திரும்பும். ஒரேயடியாகச் சிக்கி நின்றால் விசிறிக்கும் சுவருக்கும் நடுவில் எதுவோ இருக்கிறது. நான் எடுத்ததில் அதிகம் சாளை முள்ளும் முருங்கைக்காய்ச் சக்கை நாரும்தான். அதற்கு அடுத்தது உடைந்த கண்ணாடிச் சில்லு, அதனால்தான் கையுறை. எடுத்துவிட்டு மூடியை "டக்" என்று சத்தம் வரும் வரை அழுத்துங்கள். இந்த வேலைக்குக் கால் மணி நேரம். இதற்காகப் பம்பையே மாற்றிப் பில் போட்ட இடங்களும் உண்டு.

சுழலும் தெளிப்பான் கைகளை எடுத்துக் காதருகில் குலுக்கிப் பாருங்கள். கலகலவென்று கேட்டால் உள்ளே கடுகோ அரிசியோ இருக்கிறது. பல் குத்தும் குச்சியால் தள்ளிக் குழாயடியில் பின்புறமாகத் தண்ணீர் விட்டால் வந்துவிடும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஃபில்டர் ஒழுங்காகப் பூட்டியிருந்தால் கடுகு அந்த இடத்துக்குப் போகவே முடியாது. கடுகு கிடைத்தால் ஃபில்டர் கடைசி வரை திருகப்படவில்லை, அல்லது வலை கிழிந்திருக்கிறது. கையை மட்டும் சுத்தம் செய்துவிட்டு விட்டால் அடுத்த மாதமும் இதே வேலைதான்.

தேங்காய் அரைத்த கறி அதிகம் வைக்கிற வீட்டில் மெல்லிய வலையில் வெள்ளையாக ஒரு பிசின் பூசியது போல அடையும். வாரம் ஒருமுறை வெந்நீரும் பழைய டூத் பிரஷும் போதும். கம்பி நார் வைத்துத் தேய்க்காதீர்கள்.

தண்ணீர் உள்ளே வரும் குழாயின் வாயிலும் ஒரு சின்ன வலை இருக்கும். தொட்டி கழுவிய அடுத்த வாரம் அதைப் பாருங்கள், மண்ணும் செம்மண் நிறத் துருவும் அடைத்திருக்கும். "தண்ணீர் வரவில்லை" என்ற கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

கருங்கல்_துபாய்:

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறேன். வீடு வருடத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கிறது. போன தடவை வந்தபோது அடியில் தண்ணீர் ஒழுகியது. எலி வடிகால் குழாயைக் கடித்திருந்தது. எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? பூட்டிப் போகும் வீடு நம்ம பக்கம் ஏராளம்.

தக்கலை_சர்வீஸ்:

அண்ணா, ஓடுகிற மெஷினைவிடச் சும்மா கிடக்கிற மெஷின்தான் சீக்கிரம் கெடும். ரப்பர் காயும், பம்பின் சீல் ஒட்டிக்கொள்ளும், குழியில் நிற்கும் தண்ணீர் வற்றிய பிறகு பூச்சிக்கு வழி திறந்துவிடும்.

போகும் முன் காலி மெஷினில் 100 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம் போட்டு, பவுடர் இல்லாமல் சூடான ஓட்டம் ஒன்று விடுங்கள். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். தண்ணீர்க் குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, கதவைச் சற்றே திறந்து வையுங்கள். வடிகால் குழாய்க்கு மேலே நெளிவு இரும்புக் குழாய் ஒன்றைப் போர்த்திவிடுங்கள், எலியால் கடிக்க முடியாது. சுவரில் குழாய் நுழையும் ஓட்டையைச் சிமென்டால் அடையுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் மாதம் ஒருமுறை குறுகிய ஓட்டம் விட்டால் இன்னும் நல்லது. ஓட்டி முடிந்ததும் குழாயையும் பிளக்கையும் பழையபடி ஆக்கச் சொல்லுங்கள்.

சிட்ரிக் அமிலம் எல்லோருக்கும் பொருந்தும், கடினத் தண்ணீர் வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். குளோரின் தனியாகவும் வேண்டாம், ஸ்டீலை அரிக்கும். வினிகரை அடிக்கடி ஊற்றினால் ரப்பர் கெடும்.

ஆரல்வாய்மொழி_காற்று:

எதைச் சரிசெய்வது, எதற்கு மேல் விட்டுவிடுவது? மற்றவர்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

தக்கலை_சர்வீஸ்:

நான் பார்ப்பது உடம்பைத்தான். உள் தொட்டியும் அடித்தட்டும் துளையில்லாமல் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் செலவழிக்கலாம். வடிகால் பம்பு, உள்வரும் வால்வு, கதவு ஸ்பிரிங்கின் கயிறு, கதவு ரப்பர், தட்டுச் சக்கரம் இவை எல்லாம் சின்னச் செலவு, தயங்காமல் மாற்றுங்கள். தட்டுக் கம்பியின் முனையில் பூச்சு உரிந்து துரு தெரிந்தால் உடனே அதற்கான ரப்பர் தொப்பியோ பூச்சோ போடுங்கள். விட்டால் துருத்துகள் பம்புக்குப் போகும். கடலோர வீடுகளில் இது சீக்கிரம் வரும், கதவுக் கீலின் திருகையும் சேர்த்துப் பாருங்கள்.

ஹீட்டரோடு சேர்ந்த சுழற்சிப் பம்பும் கன்ட்ரோல் போர்டும் பெரிய செலவு. இரண்டில் ஒன்று போனால், உடம்பு நன்றாக இருக்கிற பட்சத்தில் செய்யலாம். போர்டை அப்படியே மாற்றச் சொல்வார்கள். பல நேரம் ஒரு ரிலேயோ கெப்பாசிட்டரோதான் போயிருக்கும், டிவி போர்டு பார்க்கிற நல்ல ஆளிடம் முதலில் காட்டுங்கள். இரண்டும் ஒன்றாகப் போனாலோ தொட்டியில் துளை விழுந்தாலோ விட்டுவிடலாம். விடும் முன் தெளிப்பான் கைகள், தட்டுகள், பம்பு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அதே மாடல் வைத்திருக்கிற யாருக்காவது பயன்படும்.

வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் பாகங்கள் சேருமா, வந்து பார்க்கும் கூலி மட்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். கூலி மட்டும் என்றால் ஃபில்டர், பம்பு மூடி வேலையெல்லாம் நீங்களே செய்கிற வீட்டுக்கு அது தேவையில்லை.

குலசேகரம்_தோட்டம்:

இன்னொன்று. மெஷின் தண்ணீரை நான் முதலில் வாழைக்கு விடலாமா என்று யோசித்தேன். வேண்டாம். பவுடரின் காரமும் சோடியமும் வாழைக்கு ஆகாது. உப்பு போடுகிற வீடுகளில் பிசின் கழுவிய உப்புநீரும் அதோடுதான் வரும். தென்னை உப்பைத் தாங்கும், ஆனால் அங்கேயும் குளியல் தண்ணீரோடு கலந்து விடுவதுதான் நல்லது. கறிவேப்பிலைச் செடியின் மூட்டுக்கு விடவே கூடாது.

பார்வதிபுரம்_அடுக்களை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எலுமிச்சை தடவிய பக்கம் கொள்ளாம், புது டம்ளர் மாதிரி ஆகிவிட்டது. மீன் தொட்டிக் கடையில் சொட்டுப் பாட்டில் வாங்கி அளந்தேன். குழாய்த் தண்ணீரைத் தனியாகப் பிடித்து அளந்தால் 4 டிகிரி, போர் 23, தொட்டியில் கலந்தது 16. மெஷினின் செட்டிங் மிகக் குறைந்த நிலையில் இருந்தது. முதலில் வீட்டுக்கு வந்த சர்வீஸ் தம்பி இதைத் திறந்தே பார்க்கவில்லை போலிருக்கிறது. கையேட்டைப் பார்த்து 16க்கு மாற்றி, உப்பு நிரப்பி, சிட்ரிக் அமில ஓட்டமும் விட்டாயிற்று. தட்டில் தடம் இல்லை. பவுடரும் வாங்கிவிட்டேன்.

இரண்டு கேள்வி மிச்சம். உப்பு நிரப்பிய பிறகும் உப்பு விளக்கு எரிகிறது. அப்புறம், கோடையில் போர்த் தண்ணீர் மட்டும்தான் கிடைக்கும், அப்போது இந்த 16 போதுமா?

தக்கலை_சர்வீஸ்:

விளக்கு அணைய இரண்டு மூன்று ஓட்டம் ஆகும். அறையில் உப்பு கரைந்து உப்புநீர் கெட்டியானால்தான் உள்ளே இருக்கும் மிதவை மேலே வரும். நான்கைந்து ஓட்டத்துக்கு மேலும் எரிந்தால் மூடியைத் திறந்து, உப்பு பாறை போல இறுகியிருக்கிறதா என்று மரக்குச்சியால் மெல்லக் குத்திப் பாருங்கள்.

கோடைக்குப் போதாது. பங்குனி சித்திரையில் போர் மட்டும் ஓடும்போது ஒருமுறை அளந்து அந்த எண்ணுக்கு ஏற்றிவிடுங்கள். கார்த்திகை மழை முடிந்து குழாய்த் தண்ணீர் தாராளமாக வந்ததும் மறுபடி அளந்து இறக்குங்கள். தொட்டியின் மேல் குழாயில் ஒரு வால்வு வைத்து மெஷினுக்குக் குழாய்த் தண்ணீரை மட்டும் கொடுக்க முடிந்தால் உப்புச் செலவே பெரிதாக இருக்காது. ஒரு ஓட்டத்துக்கு 10 லிட்டர்தானே, மேலே 100 லிட்டர் சின்னத் தொட்டி ஒன்று தனியாக வைத்தாலே ஒரு வாரத்துக்கு வரும். பார்வதிபுரம் பக்கம் அடுத்த வாரம் வேலைக்கு வருகிறேன். வேண்டுமானால் குழாய் போகும் வழியைப் பார்த்து, எத்தனை அடி பைப் வேண்டும் என்று சொல்கிறேன்.